பூத்தராசில் ஜெபா

சனிக்கிழமை, இரவு

என் தோழி ஜெபாவின் மலைசைக்கிளின் முன்சக்கரத்துக்கு இன்று புதிய ஃபோர்க் மாட்டினோம், குலுக்கல் கைக்கு ஏறாமல் தாங்குவது. நான் நீளமானதைச் சொல்லியிருந்தேன். “நம்ம முட்டம் பாறைக்கு இது போதும்” என்று குட்டையானதை வாங்கியிருக்கிறாள். ஓட்டுபவரின் எடைக்குத் தக்கபடி அதில் காற்றடிக்க வேண்டும்.

தோவாளையில் அவள் அண்ணனின் பூக்கடை முன்னால் நின்றிருந்தோம். “எடை எவ்வளவு?” என்று மெதுவாகக் கேட்டேன். ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் பிச்சிப்பூ மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிவிட்டாள். வியாபாரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எண்பத்தி நாலு” என்று அவளே உரக்கச் சொன்னாள். “காத்த அடி மக்கா.”

மாலை முட்டத்துப் பாறைச் சரிவில் பூனைபோல இறங்கினாள். பின்னால் இறங்கிய என் சைக்கிளின் ஃபோர்க் வழக்கம்போல அடிவரை போய் இடித்தது.

“ஏட்டி, நீ எடை பாத்து அடிச்சியா?”

“அறுபத்தி ரெண்டுக்கு” என்றேன். அது என் கல்யாணத்தன்று இருந்த எடை.

ஜெபா சிரிக்கவில்லை. காற்றளவு காட்டும் பம்பை என் கையில் தந்துவிட்டு, நான் அடித்து முடிக்கும்வரை கடலைப் பார்த்தபடி நின்றாள்.