வெங்காயம் உரித்த சமீன்தார்

மாசி 3, திங்கள்

காலையில் கடும்பனி. மேற்கு மலை கண்ணுக்குத் தெரியவில்லை. வியாழன் ஊர்க்கூட்டத்துக்கு உரை எழுதியாக வேண்டும். தொடக்கம் இப்படி:

"உழவர் பெருமக்களே! தாய்மாரே! கோம்பைச் சாலையோரம், நேற்றுவரை எள் விளைந்த நிலத்தில், இன்று ஒரு துணிக்கொட்டகை நிற்கிறது. பகலெல்லாம் ஏர் பிடித்தவனின் மாலைப்பொழுதை அது களவாடுகிறது. அவன் அறிவைக் களவாடுகிறது. அவன் இல்லத்தின் அமைதியைக் களவாடுகிறது."

மூன்றாம் 'களவாடுகிறது' எழுதி முடிக்குமுன் தெருவில் தமுக்கோசை. இருபுறமும் தட்டி கட்டிய மாட்டுவண்டி. கொட்டகையில் சனிக்கிழமை முதல் புதுப்படம். தட்டியில் கோட்டு அணிந்த ஒருவன், வெங்காயக் குவியலின் முன் அமர்ந்து அழுகிறான்.

எழுந்து சாளரத்தருகே போனேன்.

சாளரத்துக்கு வெளியே இருவர்.

"ஏலே, இங்கன பாருலே. நம்ம தமிழய்யா மேடையில சொல்லுவாகல்ல, வெங்காயக் கதை. அதையவே படமா எடுத்துப்புட்டாய்ங்க."

"அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டாய்ங்களா?"

"கேப்பானா? பட்டணத்துக் களவாணிப்பய."

சாளரத்தை அடைத்தேன். உரை அதற்குமேல் ஓடவில்லை. பள்ளிக்கு அரைமணி பிந்திப் போனேன்.

மாசி 4, செவ்வாய்

பனி குறைவு. தொண்டைக் கட்டு. மிளகு, பனங்கற்கண்டு.

எவரும் படியாத ஏடு இது. இங்கேனும் மெய் எழுதுவேன். களவாணி நான்.

சிரிப்புப் படங்கள் மட்டுமே எடுக்கும் நெறியாளர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரை இங்கும் எழுதக் கை கூசுகிறது. சி. என்று குறிப்பேன். சி.யின் படங்கள் நான்கு. நான்கையும் பார்த்திருக்கிறேன். மதுரையில் மூன்று, திண்டுக்கல்லில் ஒன்று. வீட்டில் சொன்னது: புத்தகம் வாங்கப் போகிறேன், புலவர் கூட்டம், பல்வலி, மறுபடி புத்தகம்.

ஒரு பார்வையாளனாக என் எண்ணங்கள். மேடையில் சொல்ல இயலாதவை.

முதற்படம், இரண்டு மருமகன்கள். நடிப்பு மிகை. பாட்டு வரும்போதெல்லாம் பாதிக் கொட்டகை எழுந்து வெளியே போயிற்று, நானும் போனேன். ஆனால் மாமனார் பொய்யாக மயங்கி விழும் இடம். விழுந்தவரை எவரும் கவனிக்கவில்லை. அவர் மெல்ல எழுந்து, எல்லாரும் பார்க்கும் இடமாகத் தேர்ந்து, மறுபடி விழுகிறார். அவர் இடத்தில் என்னைக் கண்டேன். ஆண்டுவிழா மேடைகளில் நான் இதைச் செய்திருக்கிறேன்.

இரண்டாவது, சோதிடர். சுமார். நடுவில் தூங்கிவிட்டேன்.

மூன்றாவது, வெங்காயம். ஒரே நாளில் இருமுறை பார்த்தேன், பகற்காட்சியும் மாலைக்காட்சியும். சீமையில் படித்துத் தமிழே மறந்த இளம் சமீன்தார் சிற்றூருக்கு வருகிறார். வண்டியிலிருந்து முதலில் இறங்கும் சமையற்காரன் கோட்டும் தலைப்பாகையுமாய் மிடுக்காக இருக்கிறான். ஊர்த்தலைவர் மாலையை அவனுக்குப் போட்டுவிடுகிறார். அரைக்காற் சட்டையுடன் பின்னால் வந்த சமீன்தாரைச் சமையற்காரன் என்று எண்ணி அடுப்படிக்கு அனுப்புகிறார்கள். வெயில் தாளாத சமையற்காரன் தன் கோட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிடுகிறான்; தட்டியில் கண்ட கோட்டு அதுதான். அவர் முன்னால் வெங்காயத்தைக் குவிக்கிறார்கள். அவரும் இது இவ்வூர் வரவேற்பு முறை போலும் என்று உரிக்கிறார். கண்ணீர் தாரை தாரையாய். ஊர்த்தலைவர் எட்டிப் பார்த்து, "சமையற்காரன் நல்ல விசுவாசி, எசமானுக்காக அழுகிறான்" என்கிறார். இன்னொரு நெறியாளர் இங்கே ஊராரைச் சிரிக்க வைத்திருப்பார். சி. அதைச் செய்யவில்லை. சமீன்தாரின் முகத்தை அப்படியே காட்டிக்கொண்டிருக்கிறார். சமீன்தார் ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்து, இனிமேல் எதை உரிப்பது என்று பார்க்கிறார். அவ்வளவுதான். எனக்கு விலா வலித்தது.

நான்காவது படமே ஒரு பிழை. கடைசிக் கால்மணி நேரம் கதைத்தலைவன் ஒழுக்கம் பற்றி உரையாற்றுகிறான். கொட்டாவி விட்டேன். அதே கிழமை ராயப்பன்பட்டியில் ஒழுக்கம் பற்றி நான் இரண்டு மணி நேரம் பேசினேன்.

அந்த ராயப்பன்பட்டி மேடையில்தான் முதன்முதல் வெங்காயக் கதையைச் சொன்னேன். கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. "நெல்லைச் சீமையில் உண்மையாய் நடந்தது" என்று தொடங்கினேன். போனவர்கள் திரும்பி வந்து அமர்ந்தார்கள். முடிவில் ஒரு வரி சேர்த்தேன்: "உழவன் வீட்டில் ஒரு சமீன் கண்ணீர் விட்டது அந்த ஒருநாள்தான்." அவ்வரி மட்டும் என்னுடையது. அதற்கு யாரும் சிரிப்பதில்லை, கைதட்டுவார்கள்.

பிறகு கோம்பை, கெங்குவார்பட்டி, போடி. எங்கு போனாலும் "ஐயா, வெங்காயம்" என்று குரல். அதே மேடையில், அதே மூச்சில், திரைப்படம் நஞ்சு என்றும் பேசினேன்.

மாசி 5, புதன்

மேகமூட்டம். பள்ளி விட்டு வந்தால் வீட்டு வாசலில் கொட்டகைக்காரர் முத்தையா. ஐம்பது வயது, வலக்கால் தாங்கித் தாங்கி நடை. மிரட்ட வந்திருக்கிறார் என்று எண்ணினேன். கும்பிட்டார். என் மனைவி தாயம்மாள் மோர் கொடுத்தாள்.

"ஐயா, ஒங்களாலதான் அந்தப் படத்த வாடகைக்கு எடுத்தேன்."

"என்னாலா?"

"கெங்குவார்பட்டியில கொட்டகை போட்டிருந்தேன். நீங்க எதுத்தாப்புல மேடை. நம்ம தொழில வையிறீகளேன்னு வயித்தெரிச்சலோட நின்னேன். திடீர்னு வெங்காயத்துக்கு வந்தீக. சனம் சிரிச்ச சிரிப்பிருக்கே. அடுத்த நாளே மதுரைக்குப் போயி, இந்தப் படப்பெட்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு கொண்டாந்தேன். எனக்கிருக்கறதும் ஒரு கால்தான."

தாமே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்படியானால் அது படக்கதை என்று..."

"தெரியும்ங்கய்யா. நான் யாருகிட்டயும் சொல்லல. நல்ல கதைய ஒருத்தர் மட்டும் வச்சுக்கிறதாக்கும்? ஆனா நாளைக்குக் கூட்டத்துல நீங்க பேசுனா கொட்டகையப் பிரிச்சிருவாக. இங்கன பிரிச்சா அடுத்த ஊர்லயும் எடம் குடுக்க மாட்டாக. கூடாரம் போட, படம் ஓட்ட, சீட்டுக் கிழிக்க, என்னய நம்பி ஆறு குடும்பம். எனக்காகப் பேச வேண்டாம். பேசாம இருங்க, போதும்."

"பார்ப்போம்" என்றேன்.

அவர் போனபின் தாயம்மாள் குவளையைக் கழுவிக்கொண்டே, "அந்தக் கதைய மதுரையில கேட்டேன்னீகளே, யாரு சொன்னாக?"

"ஒரு நண்பர்."

"போன வருசம் பல்வலின்னு போயிட்டு வந்தீகள்ல. அன்னைக்குத் தூக்கத்துல சிரிச்சீக. பேய் அடிச்சிருச்சோன்னு பயந்து திருநீறு பூசிவிட்டேன்."

என் சொற்படி அவள் ஒரு படமும் பார்த்ததில்லை. இருபது ஆண்டுகள்.

மாசி 6, வியாழன்

வெயில். நான்கு மணிக்குச் சாவடியில் கூட்டம். பேசக்கூடாது என்று முடிவு செய்தே போனேன். தொண்டைக்கட்டு நல்ல சாக்கு.

தலைவர் கந்தசாமி, "தமிழய்யா ரெண்டு வார்த்தை" என்றார். எழுந்தேன். தொண்டை சரியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரே முந்நூறு முகங்கள். தொண்டை திறந்துகொண்டது. இதுவரை இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை என்று நினைக்கிறேன். அதை எழுதவே அருவருப்பு. முக்கால்மணி நேரம். பின்னாலிருந்து ஒருவர், "ஐயா, நம்ம வெங்காயம்" என்றார். சொன்னேன். அதையும் சொன்னேன். படக்காரர்கள் நம் கதையைத் திருடிவிட்டார்களாமே என்று கந்தசாமி இடையில் கேட்டார். நான் புன்னகை செய்தேன். மறுக்கவில்லை.

முத்தையா கடைசித் தூணருகில் நின்றார். கதைக்கு எல்லாருடனும் சேர்ந்து சிரித்தார். கையெழுத்துத் தாள் சுற்றத் தொடங்கியதும் குனிந்து செருப்பைத் தேடினார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரே ஒரு சொல் போதும். சொல்லவில்லை. என்னிடம் விடைபெறவும் இல்லை.

முதற் கையெழுத்து என்னுடையது. நாளை முதல் பேருந்தில் கந்தசாமி பெரியகுளம் போய் தாசில்தாரிடம் தாளைக் கொடுப்பார். கொட்டகைக்குத் தந்த இசைவை விலக்கவேண்டும் என்பது வேண்டுகோள். சனிக்கிழமைப் படம் இராது.

சனிக்கிழமைப் படம் இராது என்று எழுதியபோது நெஞ்சில் ஓர் ஆறுதல் பரவியது. அந்த ஆறுதல்தான் என்னைக் கொல்கிறது. கொட்டகை தீது என்று நம்பிப் பேசியிருந்தால் தூங்குவேன். படம் ஓடினால் அது என் மேடைக் கதைக்கு முந்தியது என்று தெரிந்துவிடும்; என் களவு வெளிப்படாதிருக்கப் பேசினேன். ஆறு குடும்பத்தின் அடுப்பின் மேல் நின்று பேசினேன்.

படங்கள் தீயவை என்று நான் நம்புகிறேனா? சில தீயவை. சி.யின் படங்கள் அல்ல. அவற்றில் எவனையும் கட்டிவைத்து அடிப்பதில்லை. பொய்யன் தன் பொய்யோடு தனியே நிற்கும்படி விட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

மாசி 7, வெள்ளி

விடிந்துவிட்டது. மறுபடியும் பனி. தலைவலி.

தாயம்மாள் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். "பஸ்ஸுக்குக் கரி போட்டு ஊதிக்கிட்டிருக்காக. தலைவரு முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டாரு." மேல்துண்டை எடுத்து மேசைமீது வைத்தாள். இன்னும் நிற்கிறாள்.

பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடும் வண்டி; கரி சூடேறிக் கிளம்பக் கால்மணி நேரம் ஆகும். அதில் பாதியை எழுதியே கழித்துவிட்டேன்.

பேனாவை மூடு. துண்டை எடு. ஓடு. கந்தசாமியின் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கி உன் கையெழுத்தை அடி. கதை யாருடையது, எங்கே பார்த்தாய், எத்தனை முறை பார்த்தாய் என்று பேருந்திலிருக்கும் அத்தனை பேர் காதிலும் விழச் சொல். அலங்காரம் வேண்டாம். இப்பொழுதே போ.