சத்தம் நின்ற பிறகு

மே 6, 2003

இன்றும் வேலை கேட்டுக் கம்பெனி கேட் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். செக்யூரிட்டிக்கு என் முகம் பழகிவிட்டது. "வயசு முப்பத்தெட்டு, படிப்பு பத்தாவது. உள்ள உனுக்கு இன்னா வேல கீதுன்னு தெனிக்கும் வர்றே அண்ணே?" என்கிறான். அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இடம் போன வருஷம் கம்பெனிக்கு எடுக்கும் வரை என் நிலம். இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் எழுந்து நிற்கப் போகிறானா?

எங்கள் ஊர் சிவசங்கர் ஆள் அனுப்பியிருக்கிறான். மரம் வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறானாம், மிஷின் வாள் பிடிக்க ஆள் வேண்டுமாம். செங்கமலம், "போய்த் தொல, வூட்ல குந்திக்கினு என் உயிர வாங்காதே" என்றாள். என் மனைவி வழியனுப்பும் அழகு அப்படி.

மே 9

கம்பெனிக்காக மிஷின் பிடிக்கிறவன் எவனும் பயிற்சி எடுத்திருக்க வேண்டுமாம். அதற்காக ஒருவனை வரவழைத்திருக்கிறார்கள். பெயர் வனமாமலை, நாங்குநேரிப் பக்கம். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். ரப்பர் தோட்டத்தில் மிஷின் பிடித்தவனாம். என்னை "அண்ணாச்சி" என்கிறான், முதலில் யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன்.

இன்று முழுக்க மிஷினை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. "மரம் விழுத பக்கமும் நிக்காதிய, நேர் பின்னாலயும் நிக்காதிய. சாய்வா பின்னால ஒரு வழி. அதச் சுத்தம் பண்ணிட்டுத்தான் மிஷினத் தொடணும்." ஓடுவதற்கு வழி போட்டுவிட்டு ஆரம்பிக்கிற வேலையை இப்போதுதான் பார்க்கிறேன். இந்த ஊரில் எல்லாரும் அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

மே 10

மரம் விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டணும். பிறகு பின்பக்கமிருந்து அறுக்கணும். இரண்டுக்கும் நடுவே ஒரு கீற்று மரத்தை அறுக்காமல் விடணும். அதுதான் கீல். கீல் இருந்தால் மரம் கதவு மாதிரி சொன்ன பக்கம் சாயும்.

நான் கீலையும் சேர்த்து அறுத்துவிட்டேன். தைல மரம் முறுக்கிக்கொண்டு அது இஷ்டத்துக்குப் போய் விழுந்தது. வனமாமலை திட்டவில்லை. "கீல் போச்சுன்னா எங்க விழணும்னு மரத்துக்கே தெரியாது அண்ணாச்சி" என்றான். திட்டியிருக்கலாம்.

மே 12

மிஷினைக் கீழே வைத்த பிறகும் கை அதிர்கிறது. சோற்றைப் பிசையும்போது செங்கமலம் பார்த்துவிட்டு, "இன்னாயா, கரண்ட் புடிச்சவனாட்டம் கீறே" என்று சிரித்தாள்.

மே 15

பயிற்சி முடிந்தது. கடைசிப் பாடம், சிக்கிய மரம். அறுத்த மரம் தரைக்கு வராமல் பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்து நின்றுவிட்டால் என்ன செய்வது?

"அதுதான் எமன். எப்ப வரும்னு சொல்ல முடியாது. உடனே மிஷின ஆஃப் பண்ணணும். பின்னால நடந்து வந்துரணும். அடியில போவக் கூடாது. டிராக்டர் கொண்டாந்து அடிமரத்த இழுக்கணும்." ஒவ்வொருவனையும் திரும்பச் சொல்லச் சொன்னான். நான் தப்பில்லாமல் சொன்னேன். ஆஃப் பண்ணணும். பின்னால வரணும். அடியில போகக் கூடாது.

ஹெல்மெட், காதுமூடி, போட்டோ ஒட்டிய அட்டை, இந்த டைரி, நான்கும் கொடுத்தார்கள். டைரி இன்றுதான் கைக்கு வந்தது, நடந்ததை நினைத்து முன்தேதிப் பக்கங்களிலும் எழுதிவிட்டேன். யார் கேட்கப் போகிறார்கள்.

ஜூன் 3

சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் இன்று முதல் வேலை. கம்பெனிக்காக ரோடு அகலமாகிறது. இரண்டு பக்கமும் புளிய மரங்கள், எல்லாவற்றிலும் பெயிண்டால் நம்பர் போட்டிருக்கிறார்கள். சிவசங்கர் முதல் மரத்தடியில் கற்பூரம் ஏற்றினான். "மன்னிச்சுக்கோம்மா" என்று கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "சீக்கிரம் போடு பாண்டு, லாரி காத்துக்கினு கீது" என்றான்.

கற்பூரம் அணைவதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். சுள்ளிக்கு. அடிமரம் காண்ட்ராக்டருக்கு, கிளை யார் சும்மாடு முதலில் விழுகிறதோ அவளுக்கு. தலைச்சுமைக்கு வைக்கும் அந்தத் துணிச்சுருளைத் தூர நின்றே வீசுவார்கள். எந்தக் கிளையில் விழுந்ததோ அது அவளுடையது, அப்புறம் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். இதில் எங்கள் ஊரில் செங்கமலத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நிலம் இருந்தவரை நிலத்தில் கிடைத்ததை எரித்தோம். இப்போது அடுப்புக்கு இந்த ரோடுதான்.

ஜூன் 4

மரம் சாய ஆரம்பித்ததுமே உள்ளே ஓடி வருகிறார்கள்! தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் தெரு மீனம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னா பாண்டு, தலைல சட்டி கவுத்துக்கினா ஆபீசராய்டுவியா?" எல்லாரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவள் என் வீட்டுக்காரிதான்.

ஜூன் 7

இன்று ஒரு கொப்பு மீனம்மாளின் முந்தானையை உரசிக்கொண்டு விழுந்தது. அவள் முந்தானையை உதறிவிட்டு அதே கொப்பின் மேல் சும்மாட்டைப் போட்டாள். நான்தான் மிஷினை நிறுத்திவிட்டுப் போய் மதகு மேல் உட்கார்ந்தேன்.

சிவசங்கரிடம் கேட்டேன், கொடி பிடித்துக் கூட்டத்தைத் தடுக்க இரண்டு ஆள் போடு என்று. "உன் பொண்டாட்டியவே உன்னால நிறுத்த முடியல, நான் ஆளு போட்டு நிறுத்தறதா?" என்றான்.

ஜூன் 8

வீட்டில் சண்டை. தட்டு பறந்தது. (நான் எறிந்தது.) செங்கமலம் அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள். "கோடாலில வெட்டும்போது மரம் முறியற சத்தம் கேக்கும். அத்த வச்சிதான் எப்ப நிக்கணும், எப்ப போணும்னு எங்களுக்குத் தெரியும். உன் மிஷின் போடற கூச்சல்ல ஒண்ணும் கேக்கல. நாங்க எத்த வச்சி வர்றது? நீயே சொல்லு."

நியாயமான கேள்வி. வனமாமலை இதற்குப் பாடம் எடுக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் சும்மாடு வீசுகிறவள் எவளும் இல்லை போலும்.

ஜூன் 9

வழி கண்டுபிடித்துவிட்டேன். பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். மிஷின் சத்தம் கேட்கிற வரைக்கும் வாய்க்கால் வரப்பைத் தாண்டக் கூடாது. சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம், அப்புறம் வரலாம். மீனம்மாள் முனகினாள். செங்கமலம்தான், "எவளாச்சும் முன்னால போனா அவ சும்மாடு செல்லாது, ஆமா" என்று முடித்து வைத்தாள். இவ்வளவு நாளில் அவள் என் பக்கம் நின்று பேசியது இன்றைக்குத்தான்.

ஜூன் 20

ஒருத்தியும் வரப்பைத் தாண்டவில்லை. "சத்தம் நிக்கட்டும்டீ!" என்று செங்கமலம் போடும் அதட்டல், காதுமூடியைக் கழற்றினால் எனக்கே கேட்கிறது. மரம் விழும், மிஷினை நிறுத்துவேன், சும்மாடுகள் பறக்கும். பெரும்பாலும் அவளுடையதுதான் முதலில்.

ஜூலை 6

ரோடு பாதி மொட்டை அடித்த தலை மாதிரி இருக்கிறது. இந்த மரங்கள் தீர்ந்தால் எனக்கு வேலை தீர்ந்தது. அப்புறம் மறுபடி கேட் வாசல், மறுபடி அந்தச் செக்யூரிட்டியின் சிரிப்பு. நன்றாக வேலை செய்யச் செய்ய சீக்கிரம் முடிந்துபோகிற வேலை. என்ன பிழைப்பு இது.

ஜூலை 20

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போய்ப் பொங்கல் வைக்கணுமாம். அதற்கென்று செங்கமலம் காய்ந்த புளியங்கொம்பு தனியாகச் சேர்க்கிறாள். முருகனிடம் என்ன கேட்கப் போகிறாய் என்றேன். "உனுக்கு புத்தி" என்றாள்.

ஜூலை 22

ஐயோ.

ஜூலை 27

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சொல்வதற்கு ஆள் இல்லை.

மதகுக்குப் பக்கத்து மரம். வாய் சரி, கீல் சரி, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பாதி சாய்ந்த மரம் அடுத்த மரத்தின் கவட்டையில் போய் மாட்டிக்கொண்டது. சிக்கின மரம்! பாடம் அப்படியே ஞாபகம் வந்தது. பதறவில்லை. ஆஃப் பண்ணணும், ஆஃப் பண்ணினேன். பின்னால வரணும், சாய்வு வழியில் நடந்து வந்தேன். காதுமூடியைக் கழற்றவில்லை. டிராக்டருக்கு யாரை அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தப்பில்லாமல் செய்கிறோம் என்று ஒரு பெருமைகூட இருந்தது மனசில், அடச்சீ.

வரப்புப் பக்கம் அதன் கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்து பார்த்தால் விழுந்த மரம்தான். மிஷின் சத்தமும் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தபோது செங்கமலம் கிளைக்குள் குனிந்துகொண்டிருந்தாள். சும்மாடு கொம்பில் மாட்டியிருந்தது. கத்தினேன். கத்தினேனா? என் குரல் எனக்குக் கேட்கவில்லை, காதுமூடி போட்டிருந்தேன். மேலே கவட்டை பிளந்து மரம் இறங்கியது.

நான்தான வரச் சொன்னேன். வனமாமலை சொன்னத நான் செஞ்சேன், நான் சொன்னத அவ செஞ்சா. ரெண்டும் ஒண்ணாச் சேரும்னு ஏன்டா தோணல உனக்கு? பாவி, ஏன்டா தோணல?

ஜூலை 30

இன்றுதான் தெளிவாகப் பேசினாள். இடுப்பு எலும்பு நொறுங்கியிருக்கிறது, வலது காலில் உணர்ச்சி இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சத்தம் நின்னுச்சுயா. அதான் வந்தேன்" என்றாள்.

தப்பு செய்த பிள்ளை சொல்வது மாதிரி சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 8

வனமாமலை எப்படியோ கேள்விப்பட்டு வந்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தான். "நாந்தான் அண்ணாச்சி ஆஃப் பண்ணச் சொன்னேன்" என்றான்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றேன்.

டீ குடித்தோம். பஸ் வந்தது, போய்விட்டான்.

செப்டம்பர் 2

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. இனி எழுந்து நடப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர், "பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" எனக்குத் தெரியும். கம்பெனி வேலைக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

செப்டம்பர் 11

சிவசங்கர் வேறு ஒருவனை மிஷினில் போட்டிருக்கிறான். ஹெல்மெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. வீடு ரோட்டுக்குப் பக்கம், எல்லாம் கேட்கிறது. மிஷின் ஓடும்வரை செங்கமலம் சாதாரணமாகத்தான் இருக்கிறாள். சத்தம் நின்றதும் அவள் கை கட்டில் சட்டத்தைப் பிடிக்கிறது. நானும் அப்படியே நிற்கிறேன். யாராவது கத்துகிறார்களா என்று இரண்டு பேரும் கேட்கிறோம். யாரும் கத்தாவிட்டால் அவள் கையை எடுக்கிறாள். இன்று முழுக்க இதுதான்.

செப்டம்பர் 14

"மிஷினுக்கு நீயே போய்யா" என்றாள்.

செப்டம்பர் 16

போனேன். பெண்கள் வரப்பில் நின்றார்கள், ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. புது ஏற்பாடு சொன்னேன். மரம் விழுந்தாலும், சிக்கினாலும், மிஷினை நிறுத்த மாட்டேன். செயினுக்குப் பிரேக் போட்டு, ஓடவிட்டுக் கீழே வைப்பேன். மரத்தைச் சுற்றி வந்து, மேலே பார்த்து, கீழே பார்த்து, அப்புறம் கையைத் தூக்குவேன். கை தூக்காமல் ஒருத்தியும் வரக் கூடாது. "சத்தத்த நம்பாதீங்க" என்றேன். மீனம்மாள், "சரி பாண்டு, சரி" என்றாள்.

இதை ஜூன் மாசமே சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 12

காலையில் புறப்படும்போது செங்கமலம் தலையணைக்கு அடியிலிருந்து சும்மாட்டை எடுத்து நீட்டினாள். அன்று கொம்பில் மாட்டியிருந்ததை மீனம்மாள் எடுத்து வைத்திருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கொடுத்தாளாம். எனக்குத் தெரியாது. "மீனம்மா கிட்ட குடு. எனக்கும் சேத்து வீசச் சொல்லு" என்றாள்.

நான் கையைத் தூக்கியதும் மீனம்மாள் முதலில் செங்கமலத்தின் சும்மாட்டை வீசினாள். அது விழுகிற வரை மற்ற எவளும் வீசவில்லை.

அந்தக் கிளையை நானே தூக்கி வந்தேன். செங்கமலம் படுத்தபடியே பார்த்தாள். "இந்தக் குச்சி மேலயா போட்டா? அவளுக்கு எப்பவுமே குறி பத்தாது" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் யாரையும் குறை சொல்வது இதுதான் முதல் தடவை. நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 25

கடைசி மரம். ஒரு வம்பும் இல்லாமல் சொன்ன பக்கம் விழுந்தது. சுற்றி வந்தேன், பார்த்தேன், கையைத் தூக்கினேன். பெண்கள் கிளைகளை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் மிஷினை நிறுத்தினேன். சிவசங்கர் அதை வேனில் ஏற்றிக்கொண்டான். "வேற காண்ட்ராக்ட் வந்தா சொல்றேன்" என்றான்.

கிளையையும் சும்மாட்டையும் கொண்டுவந்து வைத்தேன்.

"நாளைக்கு எந்தப் பக்கம் மரம்?" என்று கேட்டாள்.

"ரோடு முடிஞ்சிடுச்சு. இனிமே மரம் இல்ல."

கட்டிலில் சாய்ந்தபடி சும்மாட்டை மடியில் வைத்து மெதுவாகப் பிரித்தாள். புளியிலைகள் உதிர்ந்தன. அவளுடைய பழைய பச்சைப் புடவையின் கிழிசல் அது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து நீவி, நான்காக மடித்து, "உள்ள வச்சிடு" என்று என்னிடம் கொடுத்தாள்.