போதும் என்று நான் சொன்ன வண்டி

இன்று காலை ஒரு வேனின் முன்சக்கரத்தைக் கழற்றினேன். கருகிய பிரேக்கின் வாடை முகத்தில் அடித்தது. நுவரெலியாவிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வந்தவர்கள். வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கள் கராஜில் இது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும் வேலைதான். ஆனாலும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். வேன்காரர் பின்னாலேயே வந்து, "பெரிய பிழையா?" என்று கேட்டார். இல்லை, ஒரு மணித்தியாலத்தில் சரியாகிவிடும் என்றேன்.

மச்சான், நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இவ்வளவு காலமும் மனதுக்குள்கூட உன்னோடு நான் பேசவில்லை. பேச எனக்கு முகம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி தவமணியிடம் போய் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் சொன்ன பிறகு உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தின் அடுத்தடுத்த அறைகளில் பிறந்தவர்கள் நாம். நான் பிலிமத்தலாவைக்கு வந்து வாகனம் திருத்தப் பழகினேன். நீ கண்டியில் அலுமினிய யன்னலும் கதவும் பொருத்தும் வேலைக்குப் போனாய். உன் அப்பா ஓய்வு பெற்ற வருடம், அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அலுமாரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மழை பெய்த வழுக்குப் பாதையில் ரோட்டுக்கு நாம்தான் இறக்கினோம்.  அதன் பிறகு உனக்கு எல்லாமே வாடகை வீடுகள். கடைசியாகக் குண்டசாலையில் இருந்தது நாலாவதோ ஐந்தாவதோ. கண்டியைச் சுற்றி எத்தனை வீடுகளுக்கு யன்னல் வைத்தாய்! உனக்கென்று ஒரு சுவர் இருக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர் ஒருவரின் கேரவனுக்கு யன்னல் மாற்றப் போய்வந்த அன்று நேரே கராஜுக்கு வந்தாய். வாகனத்தின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகும் அந்தச் சின்ன வீட்டைப் பற்றி நின்றுகொண்டே அரை மணித்தியாலம் பேசினாய். கட்டில் இருந்ததாம், அடுப்பு இருந்ததாம், முகம் கழுவப் பேசினும் இருந்ததாம்.

"வீட்டுக்கு நெலம் வேணும்னு யாருடா சொன்னது? சக்கரம் இருந்தா பத்தாதா? யாரும் நம்மள எறங்குன்னு சொல்ல முடியாது பாரு."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த மாதமே பழைய ட்ரெய்லர் சட்டகம் ஒன்றைத் தேடிப் பிடித்தாய். அதன் மேல் அலுமினியத் தகட்டில் நீ எழுப்பிய வீட்டை நான் பார்க்கப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. யன்னல்கள் மட்டும் ஆறு. எதிலும் ஒரு சொட்டு மழை உள்ளே வராது.

அதை இழுக்க, பின்னால் திறந்த தட்டு உள்ள ஒரு கெப் வண்டி வேண்டும். அதைத் தெரிவு செய்வது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் அலைந்த அலைச்சல் உனக்கு நினைவிருக்கும். பேராதனையில் பார்த்த பெரிய டபுள் கெப் எனக்குப் பிடித்திருந்தது. பாரமான வண்டி, பலமான எஞ்சின், பிரேக்கும் கல் மாதிரி. ஆனால் உன் வீட்டு ஒழுங்கைக்குள் ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் கான், மறுபக்கம் மதில். டேப் பிடித்து அளந்தோம். கேரவனையும் கட்டிக்கொண்டு அது அந்த முடக்கில் திரும்பவே திரும்பாது. அடுத்ததின் அடியில் படுத்துப் பார்த்தேன், சட்டமெல்லாம் துரு. கட்டுகஸ்தோட்டையில் பார்த்தது புகை கக்கியது. வேண்டாம் என்றேன். அப்போதுதான் நீ என்மேல் கோபப்பட்டாய்.

"நீ எதப் பாத்தாலும் ஆகாதுன்றவன்டா. சின்னதுல இருந்தே அப்பிடித்தான். ஒரு தடவையாவது ஆகும்னு சொல்லு, பாப்போம்."

அது எனக்குச் சுட்டது. உண்மையாக இருந்ததால்தான் அப்படிச் சுட்டது.

நாலாவதாக அந்தச் சின்ன வெள்ளைச் சிங்கிள் கெப் வந்தது. ஒழுங்கைக்குள் தங்குதடையில்லாமல் திரும்பியது. நீ ஆசனத்தில் ஏறி, கையை வெளியே போட்டுக்கொண்டு, வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, எங்கேயோ போய்க்கொண்டிருப்பவன் போல முன்னால் பார்த்தாய். பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் கேரவனை ஏற்றி நிறுத்தோம். எழுநூற்றுச் சொச்சம் கிலோ. கெப் ஆயிரம் வரும். இழுபடுவது இழுப்பதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும்; அந்தக் கணக்குக்கு ஏதோ சரி. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் கூட்டைத்தான் அன்று நிறுத்தோம். அது எனக்குத் தெரியும்.

ஓட்டிப் பார்க்கப் பிலிமத்தலாவையிலிருந்து கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கினோம். நான் ஓட்டினேன், நீ பக்கத்தில். இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தபோது பின்னாலிருந்து ஒரு கை முதுகில் வைத்துத் தள்ளுவது போல இருந்தது. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. கேரவனுக்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. அதன் பாரத்தையும் இந்தச் சின்ன வண்டியே பிடிக்க வேண்டியிருந்தது. என் காலுக்கு அது விளங்கிவிட்டது. உனக்கு விளங்கவில்லை. நீ வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கீழே திருப்பிக்கொண்டு மேலே ஏறினோம். இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறியது, ஆனாலும் எங்கேயும் நிற்காமல் ஏறியது. நீ டேஷ்போர்டைத் தட்டினாய். "இழுக்குதுடா! பாத்தியா, இழுக்குது!" உச்சிக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினாய்.

"என்னா சொல்ற? ஆகுமா?"

"போதும்டா," என்றேன்.

இழுப்பதைப் பற்றி நீ கேட்டாய். நிறுத்துவதைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தின் முன்னால் இன்னொரு முறை ஆகாது என்று சொல்பவனாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. இதில் வேறு காரணம் ஒன்றும் இல்லை, மச்சான். எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் குண்டசாலைக்கு வந்தேன். தவமணி கேரவனுக்குள் யன்னல் திரைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். "உள்ள வாங்க அண்ணே. செருப்பக் கழட்டிட்டு வாங்க, புது வீடு," என்றாள். உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பலா மரத்தில் அலுமாரி. பலா மரத்தில் கட்டில். இரண்டு கேஸ் சிலிண்டர். கட்டிலுக்கு அடியில், ஆகப் பின்னால், நூற்றைம்பது லீட்டர் தண்ணீர்த் தாங்கி. தட்டிப் பார்த்தேன், நிறைந்திருந்தது. மனதுக்குள் கூட்டினேன். ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வீடு வண்டியைவிடப் பாரமாகிவிட்டது.

தவமணி தேத்தண்ணி எடுக்க வீட்டுக்குள் போன நேரம், "மச்சான், பாரம் கொஞ்சம்..." என்று தொடங்கினேன்.

"நீ போதும்னு சொன்ன பெறகுதான்டா மரமே எடுத்தேன்," என்று என் தோளில் கை போட்டாய். தேத்தண்ணியோடு திரும்பி வந்த தவமணி பெருமையாக எங்களைப் பார்த்தாள். நான் அலுமாரிக் கதவைத் திறந்து மூடி, நல்ல வேலை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் போதும் என்று சொல்லி ஐந்தாவது மாதம் முதல் பயணம். எங்கே என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை, நம் தோட்டத்துக்குத்தான். என்னையும் கூப்பிட்டாய். வேலை இருக்கிறது என்றேன். லயத்துக்குப் பக்கத்து வெளியில் கேரவனை நிறுத்தி, வாசலில் நின்று, பார்க்க வந்த ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று நீ கூப்பிட்டதைத் தவமணி பிறகு எனக்குச் சொன்னாள். உன் அப்பாவின் பழைய அறையில் இப்போது இருக்கும் குடும்பத்துக்கு அவள் உன் அடுப்பில் சோறாக்கிப் போட்டாளாம். மறுநாள் அவளுக்குக் கண்டியில் மருந்துக்கடை வேலை. முதல் பஸ்ஸில் இறங்கிவிட்டாள். நீ பத்து மணி போலப் புறப்பட்டாய். புறப்படுமுன் ஊற்றுக் குழாயில் தாங்கியை மறுபடி நிரப்பிக்கொண்டாயாம். நம் ஊர்த் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். இறக்கத்தில் கேரவன் ஆடத் தொடங்கி, பிறகு கெப்பைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. வளைவில் கெப் குறுக்கே திரும்பித் தேயிலைக்குள் உருண்டது. கொக்கி முறிந்துவிட்டது. கேரவன் மண்மேட்டில் சாய்ந்து அப்படியே நின்றுகொண்டது. தவமணி போனில் அழுதுகொண்டே எனக்குச் சொல்லி, நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது உன்னைக் கொண்டுபோய்விட்டார்கள். கருகிய வாடை மட்டும் இருந்தது. உன் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. திரைகள் எல்லாம் ஒழுங்காகத் தொங்கின. அடியில் எங்கேயோ குழாய் கழன்று, ஊற்றுத் தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

இதுவரை சொன்னதை நீ மன்னிக்கக்கூடும். நீ அப்படிப்பட்டவன். இனிச் சொல்லப்போவதை மன்னிப்பாயா என்று எனக்குத் தெரியாது.

உன் கருமாதி அன்று வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தவமணி எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அண்ணே, அந்த வண்டி தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியும் தங்கச்சி," என்றேன். "நான் சொன்னேன். அவன்தான் கேக்கல."

என் வாயிலிருந்துதான் வந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது! யாரோ பின்னால், "புடிச்சா புடிச்ச புடிதான் அவனுக்கு," என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து அவள் உனக்காக அழுவதை நிறுத்திவிட்டாள். உன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். "சொன்ன பேச்சக் கேக்காத மனுசன். என்னைய நெனச்சாரா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். முதல் வருடத் திவசத்தை உன் தம்பிதான் செய்தான். அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக் கூரை ஒழுகினால் போய்ச் சரி செய்தேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள். உன்னைக் கொன்ற பிறகு, உன் வீட்டிலிருந்தும் உன்னை நான் வெளியேற்றிவிட்டேன்.

போன ஞாயிறு உன் தம்பி இரண்டாவது திவசத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னான் என்று போனேன். "எனக்கு வேணாம் அண்ணே. கேக்காமப் போனவருக்கு நான் ஏன் வெளக்கு வைக்கணும்?" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். கடுகண்ணாவை இறக்கத்தைச் சொன்னேன். அலுமாரிக் கதவைத் திறந்து மூடியதைச் சொன்னேன். நான் ஆகாது என்று உனக்குச் சொல்லவே இல்லை என்பதைச் சொன்னேன்.

தவமணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்ததை மடித்து முடித்தாள்.

"இப்ப ஏன் சொல்றீங்க?"

அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"ரெண்டு வருசமா அவரத் திட்டித் திட்டித்தான் காலையில எந்திரிச்சு வேலைக்குப் போனேன். கோவமாவது இருந்துச்சு எனக்கு. அதையும் எடுத்துட்டீங்க."

 பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. பிறகு அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்ப என்னா வண்டிதான் எடுத்திருக்கணும்?"

சொன்னேன். கேரவனை நிறைத்துவிட்டுத்தான் தராசில் நிறுத்திருக்க வேண்டும். பேராதனையில் பார்த்த டபுள் கெப் மாதிரி, அதைவிட நன்றாகப் பாரமான வண்டி எடுத்திருக்க வேண்டும். ஒழுங்கைக்குள் போகாவிட்டால் மெயின் ரோட்டில் நிறுத்தியிருக்கலாம். கேரவனுக்குத் தனிப் பிரேக் போட்டிருக்க வேண்டும். அதை நானே கராஜில் போட்டிருப்பேன். பின்பாரத்தால் ஆடாமலிருக்கத் தாங்கியைக் காலியாக வைத்து, அலுமாரியை முன்னால் நகர்த்தி, இறக்கத்தில் சின்னக் கியரில் இறங்கியிருக்க வேண்டும்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் எழுந்தாள். "போங்க," என்றாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவள் எனக்குப் போயிட்டு வாங்க என்று சொல்லாமல் இருந்ததில்லை.

உன் படம் மறுபடி சுவருக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கும் உரிமையும் இனி இல்லை. குண்டசாலைச் சந்தியில் பஸ் ஏறி உட்கார்ந்து, அவளிடம் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை எனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அடுத்த தரிப்பிடம் வருமுன் முடிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதம் இருந்தது, மச்சான்.