அலைவோரம் என்று ஒரு ஓரம் கிடையாது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நீங்களும் தங்கையும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். தங்கையின் கணவரை எழுத்தில் எப்படித் திட்டுவது என்பதற்கு நம் குடும்பத்தில் முன்மாதிரி எதுவும் இல்லை. எனவே 'ங்கள்' விகுதி குறையாமல் திட்டுவதென்று முடிவுசெய்து உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எங்காவது மரியாதை சறுக்கினால் அச்சுப்பிழை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுப்பிழையை நீங்கள் எவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வீர்கள் என்பதுதான் நேற்று போனில் தெரிந்துவிட்டதே.

"அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம் மச்சான்" என்றீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தையும் பாதியில் கீழே வைக்கலாம்தான். ஆனால் அது மேசைமேல் கிடந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலிலிருந்து வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரிந்தும் செய்ததால் இன்னொரு முறை கேட்பது நல்லது.

இந்த மாதிரிக்கூடத்தில் பதினாறு வருடமாக, உலர்ந்த இலைக்கும் ஊசி குத்திய வண்டுக்கும் சீட்டு எழுதி ஒட்டுகிறவன் நான். தெருவில் எனக்குப் 'பூச்சி' என்று பெயர். நெளிகிற பொருள்களுக்குச் சரியான சொல் தேடித்தான் என் தலையில் பாதி காலியாயிற்று. இலை நெளியும், காளான் குடை நெளியும், அந்துப்பூச்சி இறக்கையில் கோடு நெளியும். ஒன்று நெளிகிற மாதிரி இன்னொன்று நெளியாது. இதை வீட்டில் சொன்னால் உங்கள் அக்கா, "நெளியறதுல உங்களை மிஞ்ச ஆள் ஏது? ஒரு வேலை சொன்னா என்னமா நெளியறீங்க" என்பாள்.

விடை கிடைத்தது தெருமுனைத் தையல்காரரிடம். என் பேன்ட் இடுப்பை மூன்றாம் தடவையாக அகலமாக்கக் கொண்டுபோயிருந்தேன். வெட்டுமேசைமேல் என் இலைகளைப் பரப்பிப் புலம்பியதும் அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார். "இதுக்கா சார் மண்டையை உடைச்சுக்கறீங்க? ஓரத்துல துணி அளவுக்கு மீறி இருந்தா படுக்காது, மேலயும் கீழயும் தூக்கிக்கிட்டு நிக்கும். அது ஃப்ரில்லு. ஓரத்தை வளைச்சு வளைச்சு வெட்டினா உள்ள போகும், வெளிய வரும், ஆனா சமர்த்தா படுத்துக்கும். சந்தேகம்னா மேசையில போட்டுப் பாருங்க. உங்க இடுப்பு மாதிரி இல்ல, இது பொய் சொல்லாது."

பதினாறு வருடம் எனக்கு வராதது அவருக்கு ஒரு நிமிடத்தில் வந்தது. மேலும் கீழும் தூக்கி நிற்பதற்கு 'நெளிவோரம்' என்றும், உள்ளும் வெளியும் போய்வந்து தட்டையாகப் படுப்பதற்கு 'வளைவோரம்' என்றும் பெயர் வைத்தேன். நான் எழுதி உங்கள் பதிப்பகம் போட்ட நம் கையேடு முழுவதும் அந்த இரண்டு சொல்லின்மேல்தான் நின்றது. காளான் பகுதியில் பக்கத்துப் பக்கத்துத் தாளில் இரண்டு காளான்கள் வரும். நிறம் ஒன்று, காம்பு ஒன்று, முளைக்கும் இடம்கூட ஒன்று. வளைவோரம் உள்ளதைச் சமைக்கலாம், நெளிவோரம் உள்ளது ஆளைச் சாய்த்துவிடும். நடுவில் தையல்காரர் பெயரைச் சொல்லி ஒரு பத்தி எழுதியிருந்தேன், மேசையில் போட்டுப் பாருங்கள் என்று.

அந்தப் பத்தியை நீங்கள் அடித்தீர்கள். 'தையல் கடைப் பேச்சு. அறிவியல் நூலுக்கு ஒட்டாது' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள். எழுத்து மிக அழகு. பிறகு, இத்தனை சொல் இருந்தால் வாசகர் குழம்புவார் என்று கணினிக்கு ஒரு கட்டளை போட்டீர்கள்: 'நெளி' வரும் இடமெல்லாம் 'அலை', 'வளை' வரும் இடமெல்லாமும் 'அலை'. அரை நிமிட வேலை. நெளிவோரமும் வளைவோரமும் ஒரே 'அலைவோரம்' ஆகிவிட்டன. அப்படி ஒரு ஓரமே உலகத்தில் கிடையாது மாப்பிள்ளை.

கணினி அத்தோடு நிற்கவில்லை. இலைமேல் நெளிந்து போன புழு 'அலைந்து' போயிற்று, வேலை தேடுகிறவன் மாதிரி. வண்டின் வளைந்த கால் 'அலைந்த கால்' ஆயிற்று. மண்ணில் வளைக்குள் பதுங்கும் வண்டு 'அலைக்குள் பதுங்கும் வண்டு' ஆகிவிட்டது. உங்கள் ஊர்க் கவிஞர் ஒருவர் இந்த வரிக்காகவே என்னைப் பாராட்டி எழுதினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி சொல்லிப் பதில் போட்டேன். நான் எழுதாத வரி என்று ஒரு நிமிடம் உறுத்தியது. பாராட்டு சுகமாக இருந்ததால் உறுத்தலைத் தட்டிவிட்டேன். அன்றைக்குப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், அதை வைத்து நீங்கள் தப்பிக்கப் பார்ப்பீர்கள். அச்சுக்கு முன் கடைசித் தாள்களை எனக்கு அனுப்பினீர்கள். பத்து நாள் என் வீட்டில் இருந்தன. முன்னுரையில் என் போட்டோ எப்படி வந்திருக்கிறது, வழுக்கை தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள்களோடு திரும்பிவந்த கைப்பிரதியில் உங்கள் சிவப்பு மையை இந்த வாரம்தான் பார்த்தேன். ஆகவே என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வரிசையில் நீங்கள் முதலில் நிற்கிறீர்கள்.

தையல்காரர் அந்தப் புத்தகத்தை வெட்டுமேசையிலேயே வைத்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் "நன்றிப் பக்கத்துல நான் இருக்கேன்" என்று காட்டுவார். போன வாரம் மழை விட்டதும் ரயில்பாதை ஓரம் போய் ஒரு பை நிறையக் காளான் பறித்து வந்திருக்கிறார். வதக்கித் தின்றார். வாசனை பிடிக்காததால் அவர் மனைவி தொடவில்லை. இன்று ஆறாவது நாள். கண் மஞ்சள். கல்லீரல் என்கிறார் மருத்துவர். "ரெண்டு நாள் போகட்டும்" என்கிறார். அதற்கு மேல் கேட்டால் கோப்பைப் புரட்டுகிறார்.

நேற்று மருத்துவமனையில் தையல்காரர் பேசினார். இதை மட்டும் நின்று படியுங்கள். "மேசையில போட்டுப் பார்த்தேன் சார். படுக்கல, தூக்கிக்கிட்டு நின்னுச்சு. எனக்கே சந்தேகம்தான். நம்ம மேசைச் சமாசாரம் புத்தகத்துல இருக்கான்னு தேடினேன், காணோம். படிச்சவங்க நீங்க, தப்புன்னு தெரிஞ்சு எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன். அலைவோரம், சமைக்கலாம்னு போட்டிருந்துச்சு. அடுத்த தாளைப் புரட்டல. இதுவும் அலையாத்தானே இருக்குன்னு..."

அவருக்குத் தெரிந்திருந்தது மாப்பிள்ளை. கை சொன்னது, மேசை சொன்னது. நம் அச்சு எழுத்துக்கு மரியாதை கொடுத்துத் தனக்குத் தெரிந்ததைத் தானே பொய்யாக்கிக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று முகத்தைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். திட்டவில்லை. "படத்தை நல்லா பார்த்திருக்கணும்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். நான் அங்கே எப்படி நின்றேன் என்று கேட்காதீர்கள். நெளிந்தேன். அதற்கு வேறு சொல் இல்லை.

நேற்று நீங்கள், "ஒருத்தருக்கு ஆனதை வெச்சு மொத்தப் புத்தகத்தையும் திரும்ப வாங்கினா பதிப்பகத்தோட பேர் என்ன ஆகும்?" என்றீர்கள். எந்தப் பேர்? புழுவை அலையவிட்ட பேரா? இங்கே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. உங்கள் பக்கமும் பெய்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். இரண்டு நாள் வெயில் அடித்தால் ஜனங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த பதிப்பு வரைக்கும் காளான் காத்திருக்காது. கடைகளுக்கும் நூலகங்களுக்கும் இன்றே சொல்லிப் புத்தகத்தைத் திரும்ப எடுங்கள். பழி முழுக்க என்மேல் போடுங்கள், கையெழுத்து என்னுடையதுதான். பத்திரிகையில் போடுவதற்கு அறிவிப்பு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினோரு வரி. தயவுசெய்து எளிமைப்படுத்தாதீர்கள்.

புறப்படும்போது தையல்காரர் மனைவி வராந்தா வரை வந்தார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாக, "இந்தப் புத்தகம் இன்னும் எத்தனை பேர்கிட்ட இருக்கு சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

தங்கை நம் புத்தகத்தை அடுப்பு மேடையில் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள் அல்லவா? மருத்துவமனை வாசலிலிருந்தே அவளுக்கு போன் செய்தேன். அன்று காலைதான் குழந்தைகளோடு போய்ப் பறித்து வந்தாளாம். வாணலியில் இன்னும் போடவில்லை. "மேசையில் போட்டுப் பார்" என்றேன். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பிறகு, "நாலு படுக்குது அண்ணா, ரெண்டு படுக்கல" என்றாள். அவ்வளவையும் குப்பையில் கொட்டச் சொன்னேன். உங்களிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவீர்கள் என்றாள். சொல்லிவிட்டேன்.

ஒரு வீட்டின் நம்பர் என்னிடம் இருந்தது மாப்பிள்ளை. மற்ற வீடுகளின் பட்டியல் உங்கள் மேசையில் இருக்கிறது.

நீங்களும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்ட குற்றவாளி,
உங்கள் மச்சான்