கோயில் வரை வேன்

ஆடி 8, செவ்வாய்.

பேத்தி செல்வி தினமும் வேலை முடிந்து கம்பெனி வேனில் வந்து, சுங்குவார்சத்திரம் ரோட்டில் இறங்கி, இருட்டில் நடந்து வருகிறாள். கோயில் வரை வேன் விடச் சொல்லி, வீட்டுக்கு வந்த வேன் காண்ட்ராக்டர் ஏழுமலையிடம் இன்று பேசினாள். தெருவுக்குள் வண்டி வராது என்று அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை.

"தெரு குறுகல்னுதானே சொல்றீங்கண்ணா? கோயிலாண்ட வண்டி திருப்ப எடம் கீது. வாங்க, காட்டறேன்."

அவனும் சிரித்துக்கொண்டே எழுந்தான். நான்தான் வாயை விட்டேன்.

"எங்க கழனில களை எடுத்தவ புள்ள இவன். இவன்கிட்ட இன்னாடி கெஞ்சல்?"

அவன் இடத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு செல்வியிடம் நீட்டினேன். எப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்கிற பிள்ளை, அவனிடம் பேசிய அதே பொறுமையான குரலில், "சரிங்க ஆயா" என்று வாங்கிக்கொண்டாள்.