எஞ்சின் நின்ற பின்னும் எரியும் போர்டு

இன்று காலை மேசைக்கு வந்த பெட்டியைத் திறந்ததும் ஊதுபத்தி வாசம். பஸ்ஸின் ஊர்ப் பெயர் போர்டை இயக்கும் பெட்டி டிரைவர் தலைக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் எல்லாமே இப்படித்தான் வரும். நீ இருந்திருந்தால் மூக்கருகே கொண்டுபோய், "வெள்ளிக்கெழமை மட்டும் பத்த வெக்கிற வண்டி இது" என்று தீர்ப்பே சொல்லியிருப்பாய். சரியா தவறா என்று இருவரும் விசாரித்ததே இல்லை.

அதற்குள் ஓடும் ஃபர்ம்வேர் நிரலை நீ எழுதினாய். டிரைவர், கண்டக்டர்களுக்கான கையேட்டை நான் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஏன், எதற்கு என்று கேட்டு உன் உயிரை எடுப்பேன். "போயி நின்னு பாரு அம்மிணி" என்பாய். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாய். திருச்செங்கோட்டு அழுத்தக்காரி.

காய்ச்சல் என்று லீவு போட்டவள் திரும்பவே இல்லை. உன் வேலையும் என்னிடம் வந்தது. புது வெர்ஷன் தயாரிக்கும்போது ஒரு விஷயம் இடித்தது. எஞ்சினை அணைத்த பிறகும் போர்டு கொஞ்ச நேரம் எரியும்படி வைத்திருந்தாய். ஏன்? ஒரு குறிப்பும் இல்லை. பேட்டரி இறங்குகிறது என்று வண்டி முதலாளிகள் சண்டைக்கு வந்தார்கள். "அதைத் தூக்கிருங்க" என்றார் மேலாளர். காரணம் தெரியாமல் நீ வைத்ததைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் சொன்னபடி மாற்றி, சோதனைக்கு ஒரு டவுன் பஸ்ஸில் மட்டும் ஏற்றிவிட்டு, சாயங்காலம் சூரமங்கலத்தில் ரயில் நிலைய வாசலில் போய் நின்றேன். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார். உடனே போர்டும் இருண்டது. ரயிலில் வந்து இறங்கிய கூட்டம் பஸ்ஸை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டேன்.

"அயோத்தியாப்பட்டணமுங்க."

"இந்த பஸ்ஸே போகுதுங்களே?"

"அப்படிங்களா! போர்டு அணைஞ்சிருக்குதுங்களே, செட்டுக்குப் போற வண்டியின்னு நெனச்சேனுங்க."

நம் பக்கத்தில் ராத்தங்கலுக்குச் செட்டுக்குத் திரும்பும் வண்டிதான் போர்டை அணைத்துவிட்டுப் போகும். அது ஊருக்கே தெரியும். டிரைவர் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்தைத்தான் நீ அளந்து வைத்திருக்கிறாய்! அடிப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். உடனே உனக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

எஞ்சின் நின்றதும் பக்கவாட்டு போர்டும் பின்பக்க போர்டும் அணைந்துவிடும். முன்னால் இருப்பது மட்டும் டீ முடியும்வரை எரியும் என்று மாற்றினேன். பேட்டரிக்கும் பாதகமில்லை, மேலாளரும் தலையாட்டினார். இன்று வந்த பெட்டிக்கும் அதைத்தான் ஏற்றினேன். இப்போதெல்லாம் எந்த பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் என் கண் முதலில் டீக்கடைக்குத்தான் போகிறது. நீ வைத்துவிட்டுப் போன வியாதி.

இனி வருகிறவர்கள் என்னைப்போல் தவிக்க வேண்டாம் என்று கையேட்டில் காரணத்தை விளக்கமாக எழுதிவிட்டேன். அதன் கீழே ஒரு வரி: "நம்பிக்கை இல்லையென்றால் சூரமங்கலத்தில் போய் நின்று பார்க்கவும்."

கையேட்டில் இதெல்லாம் எதற்கு, எடுத்துவிடுங்கள் என்கிறார் மேலாளர். மாட்டேன்.