ஆறாவது வாரச் சொட்டு மருந்து

அன்பு மகள் தெரசாவுக்கு, அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் ஐந்து வாரப் பேரனும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். பேரனுக்கு வயிற்றுப்போக்கு வராமல் தடுக்கிற சொட்டு மருந்து அவசியமா என்று போனில் கேட்டாய், அதற்குத்தான் இதை எழுதுகிறேன். என் வேலை உனக்குத் தெரியுமே, வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வயது, குடிக்கிற தண்ணீர், போட்ட மருந்து எல்லாம் எழுதிக்கொண்டு, மலத்தைச் சின்ன டப்பாவில் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. பனிக்காலம் வந்தால் கொண்டுபோன டப்பா போதாது. குழாய்த் தண்ணீர் குடிக்கிற வீடோ கேன் தண்ணீர் குடிக்கிற வீடோ, அந்தச் சொட்டு தடுக்கிற ரோட்டா வைரஸ் கிருமி அதையெல்லாம் பார்ப்பதில்லை, இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது.

போன வாரம் கம்பைநல்லூர் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கினேன். வயல் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத மூடுபனி, தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்தேன். செங்கல் சூளையில் வேலை செய்யும் காவேரி பதினோரு மாதப் பெண்ணை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். பெங்களூருக்கு வேலைக்குப் போன இடத்தில் பிறந்த பிள்ளை, ஒரு சொட்டு மருந்தும் போடவில்லை. இரண்டு நாளாக வாந்தி, தண்ணீராகப் போகிறது, கண் உள்ளே போய்விட்டது, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நிற்கிறது. குடிக்க என்ன கொடுத்தாய் என்றேன். "தண்ணி குடுத்தா இன்னும் ஜாஸ்தியா போவுதுங்கக்கா, அதான் நிறுத்திட்டேன்" என்றாள்.

தெரசா, உனக்கு முன் பிறந்த அமலன் காய்ச்சலில் போனான் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். காய்ச்சல் இல்லை, இதேதான். அவன் டம்ளரைப் பார்த்து வாயைத் திறந்தான், அக்கம்பக்கம் சொன்னதைக் கேட்டு நான் டம்ளரை மறைத்து வைத்தேன். காவேரியிடம் நான் டப்பாவை நீட்டவே இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலக்கி எடுத்துக்கொண்டு இருவரையும் ஆட்டோவில் ஏற்றி அரூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் வெள்ளை, வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்ட ஊட்ட அந்தச் சின்ன வாய் திறந்து மூடியது, இது எந்த வருஷம், யார் வாயில் ஊட்டுகிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அங்கே டிரிப் ஏற்றினார்கள். மத்தியானம் மடியில் ஈரம் பட்டதும் "யக்கா, ஒண்ணுக்குப் போய்ட்டாக்கா!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் காவேரி கத்தினாள். உடம்பில் தண்ணீர் சேர்ந்துவிட்டதென்று இருவரும் அழுதோம். பிறகுதான் டப்பாவில் எடுத்தேன், ரோட்டா என்று பரிசோதனைத் தாளில் வந்தது. அமலனுக்கு எந்தத் தாளும் இல்லை.

சொட்டு போட்டாலும் நோய் வரலாம், ஆனால் இந்த அளவுக்கு முற்றுவது குறைவு என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். முதல் சொட்டுக்கு வயது வரம்பு உண்டு, தள்ளிப்போடாதே. நாள் நெருங்குவதால் இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அதற்கு முன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன், டம்ளர் விஷயத்தை நாங்கள் இத்தனை வருஷம் பேசியதில்லை. படித்து முடித்ததும் அப்பா, "நானுந்தான் பக்கத்துல இருந்தேன், மேரி" என்றார்.

வியாழக்கிழமை பேரனுக்கு ஆறு வாரம் நிறைகிறது, சொட்டு போடக் கிளம்பும்போது பிள்ளையின் காதை மூடிக்கொண்டு போ. தேவன் உங்கள் மூவரையும் காப்பாராக.

உன் அம்மா,
லூர்து மேரி